தென்கடலில் ஐந்து நாள்

நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தனர். என் ஊராகிய சோழபுரம் அவற்றுள் மூன்றை ஒருங்கே காணத்தக்க இடத்தில் அமைந்தது. இராசபாளையத்தை அடுத்த இவ்வூரில் நின்று மேற்கே நோக்கினால் முகில் தவழும் மலைத்தொடர். அதன் அடியிலே காடு. காட்டைக் கடந்தால் கண்மாயும் வயலும். குறிஞ்சியும் முல்லையும் மருதமும் எமக்குப் பிறந்த வீட்டு முற்றம் போல்வன. நெய்தல் ஒன்றே எமக்கு நெடுந்தொலைவில் உள்ளது. கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேற் சென்றால்தான் கடலின் முகத்தைக் காணலாம்.

ஆயினும் எங்கள் பகுதியைக் கடலோடு பிணைக்கும் கயிறுகள் இரண்டு உண்டு. ஒன்று ஆறு. எங்கள் மலைச் சாரலிற் பெய்யும் மழை, ஓடைகளாய் இறங்கிக் கண்மாய்களை நிரப்பி, எஞ்சியது வைப்பாற்றில் கலந்து, வைப்பாறு என்னும் ஊரின் அருகே மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. மற்றொன்று தமிழ். எமக்கு அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரிலே தோன்றிய ஆண்டாள், மேகம் கடலுட் புகுந்து நீரை முகந்து, மேலெழுந்து, மின்னி முழங்கிப் பொழியும் முறையைத் திருப்பாவையின் நான்காம் பாசுரத்திலே பாடினார். இடிமுழக்கத்திற்கு அவர் காட்டிய உவமை வலம்புரிச் சங்கின் ஒலி. மார்கழித் திங்களில் அப்பாசுரம் எங்கள் தெருக்களில் ஒலிக்குந்தோறும், அச்சங்கு பிறக்கும் கடலை அதன் மேலேயே சென்று காணல் வேண்டும் என்னும் அவா என் உள்ளத்தில் எழுவதுண்டு.

ஓய்வு பெற்ற பின்னர் ஊர் நூலகத்தில் ஒரு நூலைப் படித்தேன். அது நார்வே நாட்டின் கடற்கரைக் கப்பலைப் பற்றியது. அந்நாட்டின் வடபாகம் துருவ வட்டத்திற்கு அப்பாலும் நீண்டு கிடப்பது. மலையும் கடற்கழியும் கரையைத் துண்டு துண்டாக வெட்டியிருப்பதால் அங்குள்ள மீனவச் சிற்றூர்களுக்குத் தரைவழி செல்லுதல் முன்னாளில் அரிதாக இருந்தது. திரான்கைம் நகரத்தில் எழுதிய கடிதம் வடக்கேயுள்ள ஆமர்பெஸ்ட்டு நகரத்தை அடையக் கோடையில் மூன்று வாரமும் குளிர்காலத்தில் ஐந்து திங்களும் ஆகும் என்பர். 1893 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 2 ஆம் நாள், ரிச்சர்டு வித் என்னும் மாலுமி ‘வெசுட்டரோலன்’ என்னும் நீராவிக் கப்பலைத் திரான்கைமிலிருந்து வடக்கு நோக்கிச் செலுத்தினார். அன்று தொடங்கிய கடற்கரைப் போக்குவரத்தால் திங்கட் கணக்கு நாட் கணக்காகச் சுருங்கியது.

அக்கரையின் குளிர்காலம் நாம் எண்ணிப் பார்க்கவும் இயலாதது. ஆமர்பெஸ்ட்டு நகரில் ஏறத்தாழ இரண்டு திங்கள் ஞாயிறு எழுவதே இல்லை. கலங்கரை விளக்குகள் மிகச் சிலவே இருந்த அக்காலத்தில், வித் என்பவரும் அவருடைய வழிகாட்டியும் திசைகாட்டியையும் கடிகாரத்தையும் துணைக்கொண்டு, இன்ன திசையில் இவ்வளவு வேகத்தில் இத்தனை நிமிடம் செல்லுதல் வேண்டும் என்று குறித்து வைத்த குறிப்பேட்டின் வலிமையாலேயே இருளைக் கடந்தனர். தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் அக்கரையைத் தழுவுவதால் கடல் உறைவதில்லை. சனவரி முதல் ஏப்ரல் வரை காட் என்னும் மீன் இனப்பெருக்கத்தின் பொருட்டு இலோபோதன் தீவுகளை நாடித் திரளாக வரும். அதைப் பிடித்து, மரச் சட்டங்களில் தொங்கவிட்டு, உப்பும் இடாமல் குளிர்காற்றிலேயே உலர்த்துவர். நாம் வெயிலும் உப்பும் கொண்டு செய்யும் கருவாட்டை அவர்கள் பனியும் காற்றும் கொண்டு செய்கின்றனர்.

நூலை மூடியபோது ஓர் எண்ணம் தோன்றியது. நம் கரையிலும் பேருந்து எட்டிப் பார்த்துத் திரும்பும் மீனவச் சிற்றூர்கள் பல உள. அவற்றைக் கடல்வழியே சென்று காண நமக்குக் கப்பல் இல்லை. ஆனால் வள்ளம் உண்டு. வள்ளத்தை உடைய மாணவர் ஒருவரும் எனக்கு உண்டு.

என் ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் ஈராண்டுக் காலம் கீழ்க்கடற்கரை ஊர் ஒன்றில் தமிழ் கற்பித்தேன். அங்கே எட்டாம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். செய்யுளை ஒருமுறை கேட்டால் மறுமுறை ஒப்பிக்கும் நினைவாற்றல் உடையவன். அவனுடைய தந்தை ஐப்பசிப் புயலில் கடலோடு போனார். உடலும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் பள்ளிப் பையை வைத்துவிட்டு அச்சிறுவன் வலையைத் தோளில் ஏற்றினான். அவன் இன்று ஐம்பது வயதைக் கடந்தவர். வேம்பாற்றிலே சொந்த வள்ளம் உடைய சம்மாட்டி. ஆண்டுதோறும் பொங்கலன்று தொலைபேசியில் என்னை வணங்குவதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. 2024 ஆம் ஆண்டுப் பொங்கலன்று என் விருப்பத்தைக் கூறினேன். “வாருங்கள் ஐயா. வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். நம் தென்கடல் சற்று அடங்கியிருக்கும். பாம்பன் வரை கரையோரமாக ஊர் ஊராகச் சென்று வரலாம்” என்றார்.

அவர் கூறியதன் நுட்பத்தைப் பின்னரே விளங்கிக்கொண்டேன். இராமேசுவரத் தீவிற்கு வடக்கே கிடப்பது பாக்கு நீரிணை. தெற்கே கிடப்பது மன்னார் வளைகுடா. அப்பகுதி மக்கள் முன்னதை வடகடல் என்றும் பெண்கடல் என்றும், பின்னதைத் தென்கடல் என்றும் ஆண்கடல் என்றும் வழங்குவர். வடகிழக்குக் காற்று வீசும் குளிர்காலத்தில் வடகடலில் அலை மிகும். அப்போது தென்கடலில் தொழில் நடக்கும். தென்மேற்குக் காற்று எழும்பினால் நிலைமை தலைகீழாகும். எனவே மீனவர் பலர் காற்றுக்கேற்ப ஒரு கடலை விட்டு மறு கடலுக்கு வலையையும் வள்ளத்தையும் மாற்றிக்கொள்வர்.

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள், வைப்பாறு கடலொடு கலக்கும் இடத்தை முதலிற் கண்டேன். எங்கள் மலையிலிருந்து இறங்கிய நீர், ஆரவாரம் யாதுமின்றி மணல்மேட்டின் ஓரமாக ஒதுங்கி உப்புநீரில் மறைந்தது. அங்கிருந்து வேம்பாற்றிற்குச் சென்று என் மாணவரின் இல்லத்தில் தங்கினேன். அவருக்கு ஒரே மகள். அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்தாள். இரவு உணவின்போது அவ்வீட்டில் நிகழ்ந்து வந்த ஒரு வழக்கு என்முன் வைக்கப்பட்டது. தூத்துக்குடியில் 1977 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மீன்வளக் கல்லூரியிற் சேர்ந்து கடலைப் பற்றிப் படித்தல் வேண்டும் என்பது மகளின் விருப்பம். தந்தையோ இசையவில்லை. “கடல் வேண்டாம் என்றுதானே ஐயா இவளைப் படிக்க வைக்கிறேன்! படித்தும் கடல்தானா? என் தந்தையைக் கொடுத்தது போதாதா?” என்றார். மகள் தலை கவிழ்ந்திருந்தாள். ஆனால் அவள் முகத்தில் இணக்கம் இல்லை. நான் இருவருக்கும் மறுமொழி கூறவில்லை. தந்தையை இழந்தவன் சொல்லுக்கு, ஏட்டில் விடை தேடுதல் தகாது.

மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்பட்டோம். மீனவர் பைபர் என வழங்கும் கண்ணாடி இழைப் படகு அது. பின்புறத்தில் எந்திரம் பொருத்தப்பட்டது. என் மாணவர், அவருடைய உறவினர் இருவர், நான் ஆக நால்வர். எனக்கு உயிர்காப்பு அங்கியை அணிவித்து, நடுவில் வலைக்குவியலின் மேல் அமர்த்தினர். உறவினருள் ஒருவர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை வரைந்துகொண்டார்; மற்றொருவர் கடல்நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தை மாதத்துப் பனி ஆடையை நனைத்தது. வாடை எலும்பைத் தொட்டது. துருவக் குளிரை அறியாத எனக்கு அதுவே துருவமாகத் தோன்றியது.

விண்ணை நோக்கினேன். தெற்கே தாழ்வில் நான்கு மீன்கள் சிலுவை வடிவாக நின்றன. நூல்களில் திரிசங்கு என்று படித்த கூட்டம் அது. தென்கிழக்கில் தேளின் வடிவம் மெல்லத் தலைதூக்கியது. “அந்தத் தேள் ஏறி நிற்கும் கணக்கை வைத்தே விடிய எவ்வளவு நேரம் உண்டு என்று எங்கள் பாட்டனார் சொல்லுவார். இப்போது கைக்கருவி உண்டு. ஆனால் கருவியில் மின்கலம் தீர்ந்தால் வானத்தில் மின்கலம் தீர்வதில்லை” என்றார் என் மாணவர். நார்வே மாலுமியின் குறிப்பேடு நினைவிற்கு வந்தது. அவர் கடிகாரத்தைக் கையில் வைத்திருந்தார். இவருடைய பாட்டனார் அதை வானத்தில் வைத்திருந்தார்.

காற்றைப் பற்றிக் கேட்டேன். நாம் நூல்வழி அறிந்த பெயர்கள் நான்கு: வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை. மீனவர் வழக்கில் வாடையும் கொண்டலும் அப்படியே உயிரோடு உள. தென்காற்று அவர்களுக்குச் சோழகம், மேல்காற்று கச்சான். “சோழபுரத்தாருக்குச் சோழகம் உறவுதானே, ஐயா!” என்று அவர் நகைத்தார். சங்கப் புலவர் ஆண்ட வாடை என்னும் சொல்லை, எந்திரத்தின் கைப்பிடியைப் பற்றிய ஒருவர் இன்றும் தொழிற்சொல்லாக வழங்குவதைக் கேட்டபோது என் மெய் சிலிர்த்தது. அது குளிரால் மட்டும் அன்று.

கிழக்கு வெளுத்தபோது தீவுகள் தோன்றின. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் இருபத்தொரு தீவுகள் நிரல்பட அமைந்துள்ளன. 1986 ஆம் ஆண்டில் இவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இசைவின்றி அவற்றில் இறங்குதல் கூடாது. ஆகவே விலகி நின்றே கண்டோம். வேம்பாற்றுக்கு எதிரே உள்ளவற்றுள் ஒன்றன் பெயர் உப்புத்தண்ணித் தீவு. மற்றொன்று நல்லதண்ணித் தீவு. தாகத்தோடு கரை ஒதுங்கும் கடலோடிக்கு இவ்விரு பெயர்களைக் காட்டிலும் பயன்தரும் கல்வெட்டு வேறு யாது? வாழை, முயல், பூமரிச்சான், புள்ளிவாசல் என்றெல்லாம் எஞ்சிய தீவுகளுக்கும் இனிய பெயர்கள் உள. நிலநூலார் வருமுன்னே இந்நிலங்களுக்குப் பெயரிட்டவர் மீனவரே.

ஆயின் இருபத்தொன்றில் இரண்டு இன்று நீருக்கு மேல் இல்லை. விலாங்குச்சல்லி என்பது ஒன்று. பூவரசன்பட்டி என்பது மற்றொன்று. இத்தீவுகளைச் சூழ்ந்து பவளப் பாறைகள் உள. மீனவர் அவற்றைப் பார் என்பர். பவளம் என்பது கல் அன்று. சிற்றுயிர்கள் பல தலைமுறையாகச் சேர்ந்து கட்டிய கோட்டை. அலையின் வேகத்தை அடக்குவதும், மீன்குஞ்சுகளுக்குத் தொட்டிலாவதும் அதுவே. அதனைப் பல்லாண்டுகளாக வெட்டி எடுத்துச் சுண்ணாம்பிற்கும் கட்டடத்திற்கும் பயன்படுத்தினர். கோட்டை வீழ்ந்ததும் அலை தடையின்றி ஏறித் தீவின் மணலை அரித்தது. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவும் இவ்வாறே தேய்ந்து வந்தமையால், செயற்கைத் திட்டுகளைக் கடலடியில் இறக்கி அதனைக் காத்து வருகின்றனர். “இரண்டு தீவு போனது எங்களுக்கு இரண்டு கதவு போனது போல, ஐயா. காற்று இப்போது நேரே வீட்டுக்குள் வருகிறது” என்றார் என் மாணவர்.

அன்று மூக்கையூரிலும் மறுநாள் மாரியூர்ப் பக்கத்திலும் கரையேறினோம். மூக்கையூரிலே சந்தியாகப்பர் ஆலயம் கடலை நோக்கி நிற்கிறது. மாரியூரிலோ சிவபெருமான் கோவில் கொண்டுள்ளார். திருவிளையாடற் புராணத்தில் இறைவன் வலைவீசிய படலம் நிகழ்ந்த இடம் அதுவே என்று அவ்வூரார் போற்றுகின்றனர். இறைவனையும் வலைஞனாகக் கண்ட நாடு இது! இக்கரைவாழ் பரதவரைப் பற்றித் தமிழாசிரியர் நன்றியோடு நினைக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. 1578 ஆம் ஆண்டு அக்டோபர் 20 ஆம் நாள், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறுநூல் தமிழ் எழுத்திலே அச்சேறியது. இந்தியாவில் இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. அதனை ஆக்கியவர் முத்துக்குளித்துறையில் வாழ்ந்த என்றீக் என்றீக்கசு அடிகளார். பொருளுதவி செய்தவர் அக்கரைப் பரதவர். கடலின் ஆழத்தில் மூச்சடக்கித் தேடிய செல்வம் தமிழ் எழுத்துக்கு ஈய உருக் கொடுத்தது.

இரண்டாம் நாள் இரவு நாங்கள் தங்கிய சிற்றூரில் நிகழ்ந்ததை நான் என்றும் மறவேன். ஞாயிறு சாயும் நேரம். மீன் எடுக்கும் ஆரவாரம் அடங்கியிருந்தது. அப்போது கரையிலே பெண்கள் சிலர் வந்து நின்றனர். நண்டு வலைக்குச் சென்ற ஒரு வள்ளம் நண்பகலே வந்திருத்தல் வேண்டும், வரவில்லை. அதிற் சென்றவர் அண்ணன் தம்பி இருவர். கைப்பேசி மணியோசை எழுப்பாமலே ஓய்ந்தது. ஒருத்தியின் இடுப்பிலே கைக்குழந்தை. மற்றொருத்தி, அவ்விருவரையும் பெற்ற தாய். எவரும் அழவில்லை. எவரும் பேசவுமில்லை. கடலின் மேல் எங்கேனும் ஒரு கரும்புள்ளி தோன்றுகிறதா என்று பார்த்தபடியே நின்றனர்.

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்றும், அதற்குரிய சிறுபொழுது எற்பாடு என்றும் இலக்கண நூலார் வகுத்தனர். எற்பாடு ஞாயிறு சாயும் பொழுது என்பார் உண்டு. அவ்விதி கரையில் நின்றவர் முகத்தை நோக்கி வகுத்த விதி என்பதை அம்மாலைப் பொழுது எனக்குக் காட்டியது. இரங்கல் என்பது கதறல் அன்று. வாய் திறவாது காத்து நிற்றல்.

என் மாணவர் எதுவும் சொல்லாமல் எண்ணெய்க் கலத்தை வள்ளத்தில் ஏற்றினார். அவ்வூர் இளைஞர் இருவர் உடன் ஏறினர். “ஐயா, நீங்கள் கரையில் இருங்கள்” என்று மட்டும் கூறினார். எந்திர ஒலி தேய்ந்து மறைந்தது. வேறிரண்டு வள்ளங்களும் பின்தொடர்ந்தன. கரையிலே பனையோலையும் மட்டையும் குவித்துத் தீ மூட்டினர். வருவோர்க்கு வழி தெரிதற்பொருட்டு. நான் அம்முதிய தாயின் அருகே மணலில் அமர்ந்தேன். நெடுநேரம் கழித்து அவர் தாமே பேசினார்: “வாத்தியாரையா, கடல் கொடுத்ததைக் கணக்குப் பார்க்கலாம். எடுத்ததைக் கணக்குப் பார்க்க முடியாது.” அதன்பின் அவர் விடியும் வரை ஒரு சொல்லும் கூறவில்லை. தீ தணியுந்தோறும் எழுந்து ஒரு மட்டையை இட்டு வந்து அமர்ந்தார்.

கீழ்வானில் விடிவெள்ளி ஏறியபின் ஒலி கேட்டது. முன்னே ஒரு வள்ளம்; அதன் பின்னே கயிற்றில் இழுபட்டு மற்றொன்று. எந்திரம் பழுதுபட்டுப் பாரின் ஓரத்தில் நங்கூரமிட்டு இரவெல்லாம் குளிரில் நடுங்கிக் கிடந்த அவ்விரு உடன்பிறந்தாரும் கரையில் இறங்கினர். தாய் அவர்களை அணைக்கவில்லை. கன்னத்தில் ஆளுக்கோர் அறை கொடுத்தாள். பிறகு கஞ்சி காய்ச்சச் சென்றாள். என் மாணவர் கைகளைத் தேய்த்தபடி தீயருகே அமர்ந்தார். “உன் தந்தையை நினைத்தாயோ, தம்பி?” என்றேன். “அன்று எங்களைக் கடல் இறங்க விடவில்லை, ஐயா. நேற்று விட்டது, அவ்வளவுதான்” என்றார். சற்றுப் பொறுத்து, “அந்தப் பாரின் ஓரத்து நீரோட்டம் இரவில் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது எனக்குத் தெரியும், அதனால் தேடும் இடம் தெரிந்தது. தெரியாவிட்டால் இன்றைக்கு இந்த அடுப்பு எரியாது” என்றார். தாம் கூறியதைத் தாமே கேட்டவர் போல் அவர் சிந்தனையில் ஆழ்ந்தார்.

மூன்றாம் நாள் அவர்கள் உறங்கினர். நான் வலை பின்னும் முதியவரோடு சொற்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் வாலிநோக்கத்து உப்பளங்களைத் தொலைவிற் கண்டு, ஏர்வாடிப் பக்கம் சென்றோம். அங்கே இடுப்பளவு நீரிலும் அதற்கு மேலும் பெண்கள் மூழ்கி எழுந்துகொண்டிருந்தனர். அவர்கள் கடற்பாசி எடுப்போர். கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களுக்குத் துணிச்சுற்று, காலடியில் தகட்டுத் துண்டு, இடுப்பிலே பை. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பாசிகளை வகைப்படுத்துகின்றனர். இவற்றிலிருந்து எடுக்கப்படும் பசைப்பொருள்கள் இனிப்புப் பண்டம் முதல் ஆய்வுக்கூடம் வரை பயன்படுகின்றன. பாசி மீண்டும் தழைத்தற்பொருட்டு ஆண்டிற் சில வாரம் அவர்கள் தாமாகவே தொழிலை நிறுத்துவதும் உண்டு. பாம்பன் தீவின் சின்னப்பாலத்தைச் சேர்ந்த இலட்சுமி மூர்த்தி என்னும் பாசித் தொழிலாளர், 2015 ஆம் ஆண்டில் சீகாலசி என்னும் பன்னாட்டு அமைப்பின் விருதைப் பெற்றார். கரையில் நின்று காத்திருப்பவராக மட்டும் நூல்கள் காட்டும் நெய்தல் மகளிர், கடலுள் இறங்கி உழைப்பதையும் அன்று கண்டேன்.

அன்றிரவு கீழக்கரையில் தங்கினோம். உமறுப்புலவரைப் புரந்த வள்ளல் சீதக்காதியின் ஊர் அது. மரக்கலம் செலுத்திய வணிகர் தமிழுக்கு வழங்கிய கொடையால் சீறாப்புராணம் பிறக்க வழி ஏற்பட்டது. ஒரே கரையில் வேம்பாற்றுச் சிலுவையும், மாரியூர்ச் சிவாலயமும், கீழக்கரைப் பள்ளிவாசலும் நான்கு நாளில் என் கண்ணெதிரே கடந்தன. மூன்றிடத்தும் வாடையின் பெயர் வாடையே; மூன்றிடத்தும் வள்ளம் வரவில்லையெனில் பெண்கள் நிற்கும் இடம் கரையே.

ஐந்தாம் நாள் மண்டபத்தைக் கடந்து பாம்பனை அடைந்தோம். 1947 ஆம் ஆண்டில் தோன்றிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பின்னர்க் கொச்சிக்குச் செல்லும் வரை மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. நாங்கள் இறங்கிய குந்துகாலில்தான் விவேகானந்தர் 1897 ஆம் ஆண்டு சனவரி 26 ஆம் நாள் கடல் கடந்து வந்து அடிவைத்தார். கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் பழைய பாம்பன் பாலம் 1914 ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்டது. அதன் அருகே நாங்கள் கண்டபோது வேலை முடியாது நின்ற புதிய தூக்குப்பாலம், 2025 ஆம் ஆண்டு ஏப்ரல் 6 ஆம் நாள் திறக்கப்பட்டது.

மாலையில் தனுசுகோடி சென்றோம். 1964 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22 ஆம் நாள் இரவு எழுந்த புயல் அவ்வூரை விழுங்கியது. பாம்பனிலிருந்து வந்த தொடர்வண்டியை அலை கவிழ்த்தது. அதில் இருந்தவர் அனைவரும் மாண்டனர். இடிந்த ஆலயத்தின் சுவர்களுக்கிடையே காற்று நுழைந்து சென்றது. என் மாணவர் நெடுநேரம் பேசாது நின்றார். “அன்று புயல் வருவதைச் சொல்ல இவர்களுக்கு யாரும் இல்லையா, ஐயா?” என்றார். இன்று ஐதராபாத்தில் உள்ள பெருங்கடல் தகவல் மையம் அலையையும் காற்றையும் முன்னரே அறிவிக்கிறது. பாம்பனில் மீனவரே மீனவர்க்காக 2016 ஆம் ஆண்டு தொடங்கிய ‘கடலோசை’ வானொலி அத்தகைய செய்திகளை அவர்தம் பேச்சிலேயே எடுத்துரைக்கிறது. இவற்றை நான் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பின்பு மெல்லக் கூறினார்: “அந்தச் செய்தியை ஆராய்ந்து சொல்லுகிறவர்களும் கடலைப் படித்தவர்கள்தாமே? அவள் படிக்கட்டும், ஐயா. போனவன் திரும்பி வரும் வழியைச் சொல்லுகிற படிப்பு என்றால், அது என் தந்தைக்கும் செய்கிற கடன்தான்.”

அவர் மகள் இன்று மீன்வளம் பயில்கிறாள். நான் அம்மூன்றாம் நாள் சேர்த்த மீன், காற்று, நீரோட்டப் பெயர்களின் பட்டியலை அவளுக்கு அனுப்பினேன். அவள் அதைத் திருப்பி அனுப்பியபோது, ஒவ்வொரு பெயரின் எதிரிலும் கல்லூரியில் வழங்கும் அறிவியற் பெயரை எழுதியிருந்தாள். பட்டியலின் இறுதியில் தன் தந்தை கூறிய புதிய சொற்கள் பதினேழைச் சேர்த்திருந்தாள்.

மாணவர்களே, உங்கள் ஊரும் ஐந்து நிலங்களுள் ஒன்றில் அமைந்ததே. அங்கு உழைப்போரிடம் ஏட்டில் ஏறாத அறிவு மிகுதியாக உண்டு. மழைக்காலம் இது, மீன்காலம் இது, இவ்விடம் ஆழம், இக்காற்று தீது என்று அவர் கூறும் ஒவ்வொரு சொல்லும், முன்னர் ஒருவர் உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற சொல். அவற்றைக் கேட்டு எழுதுங்கள். கற்ற கல்வியை அவற்றோடு இணையுங்கள். நார்வே மாலுமியின் குறிப்பேடும் இவ்வாறு எழுதப்பட்டதே. அது இருளிலும் பலரைக் கரை சேர்த்தது.